முதலிடத்தில் ஓர் அலங்கார வளைவு

நாணல்பாக்கம் ஊராட்சிக்குச் செயலராக வந்து இருபத்திரண்டு வருடத்தில் கண்ணாயிரம் பல தலைவர்களைப் பார்த்துவிட்டார். தலைவரே இல்லாத சில வருடங்களையும் பார்த்திருக்கிறார். அந்த வருடங்களில் ஊர் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். இப்போதைய தலைவர் கோபாலகிருஷ்ணனிடம் மட்டும் அதைச் சொன்னதில்லை. செயலர் என்பது காகிதத்தில்தான். ஊருக்கு அவர் கிளார்க்கு.

அவருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. ஊருக்கு என்னென்ன வேலை வேண்டும், எது முதலில், எது பிறகு என்று வருடந்தோறும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும் முன்னுரிமைப் பட்டியலை எழுதுகிற வித்தை. மேலே இருப்பது அவசரம், கீழே இருப்பது அப்புறம் என்று நினைக்கிறவனுக்குப் பட்டியலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பார். முதல் மூன்றும் எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் பட்டால் பொறியாளர் நேரில் வருவார். வந்தவர் ஏதாவது எழுதியாக வேண்டும். ‘தேவை’ என்று எழுதினால் பின்னால் அவருக்குத்தான் வேலை என்பதால், ‘தேவை எழவில்லை’ என்று எழுதுவார். மூன்றை அடித்த கைக்கு ஒன்றையாவது கொடுப்போம் என்று தோன்றும். யாரும் வந்து பார்க்காத நாலாவது அப்படியே கையெழுத்தாகிவிடும். நாணல்பாக்கத்துக்குத் தண்ணீர்த் தொட்டி அப்படி வந்ததுதான். கால்நடை மருந்தகத்தின் சுற்றுச்சுவரும் அப்படித்தான் வந்தது. மருந்தகம் இன்னும் வரவில்லை.

இந்த வித்தையை நம்பாதவள் ரெபேக்காள் ஒருத்திதான். ஏரிக்குக் கீழே இருக்கும் குடியிருப்பின் வார்டு உறுப்பினர். குடியிருப்புக்கும் ஜிஎஸ்டி ரோட்டுக்கும் நடுவில், ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஓடும் கலங்கல் வாய்க்கால். ஐப்பசி பிறந்தால் அதில் இடுப்பளவு தண்ணீர். ரெபேக்காளின் மகள் ரூத் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடிகாலை ஐந்து இருபதுக்கு ரோட்டில் வேன் வரும். போன மழைக்கு ஒன்பது நாள் வேனைத் தவறவிட்டாள். இந்த மழைக்கு மூன்று நாளுக்கு மேல் தவறவிட்டால் வரவே வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

வாய்க்காலின் குறுக்கே ஒரு சிறுபாலம் வேண்டும் என்று ரெபேக்காள் மூன்று வருடமாகச் சண்டை போட்டு, மூன்று வருடமும் அதை முதலாவதாக எழுதவைத்தாள். மூன்று வருடமும் பொறியாளர் வந்தார், மே மாதத்தில். தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, அங்கே படுத்திருந்த ஆடுகளை எண்ணிவிட்டு, ‘நீரோட்டம் காணப்படவில்லை’ என்று எழுதிப் போனார். அதில் பொய் ஒன்றுமில்லை.

இந்த வருடம் கிராமசபைக்கு முந்தின நாள் கண்ணாயிரம் அவளைக் கூப்பிட்டார்.

“மெம்பரு, இந்த வாட்டி பாலத்த நாலாவதுல போடறேன்.”

“இன்னா கிளார்க்கு, பின்னாடி போய் நில்லுன்றியா? அது எங்களுக்கு நல்லாப் பழக்கம். புதுசா எதுனா சொல்லு.”

“பின்னாடி இல்லம்மா. நாலாவதுதான் பாஸாவுது. தொட்டி நிக்குதே, பாக்கல? செவுரு நிக்குதே?”

“அப்ப ஒண்ணாவதுல இன்னா போடுவ?”

“எவன் பாத்தாலும் அடிச்சுடற மாதிரி ஒண்ணு. அலங்கார வளைவு.”

“என் பொண்ணுக்கு வேலை போச்சுன்னா உன் வூட்டு வாசப்படிலதான் வந்து குந்துவேன்.”

“வந்து குந்து. டீ போடச் சொல்றேன்.”

பட்டியல் தயாரானது. முதலாவது, ஊர்ப்பெயரும் தலைவர் பெயரும் பொறித்த அலங்கார வளைவு. இரண்டாவது, வளைவுக்கு வண்ண விளக்கு. மூன்றாவது, ஏரியில் படகுத் துறை. மாமல்லபுரத்துக்குப் போகிற சுற்றுலாக்காரர்களில் சிலராவது வழி தவறி இங்கே வருவார்கள் என்பது தலைவரின் நம்பிக்கை. நாலாவது, சிறுபாலம். முதல் மூன்றுக்கும் நேரே ‘இடம்’ என்ற கட்டத்தைக் கண்ணாயிரம் காலியாக விட்டார். வராத வேலைக்கு எதற்கு இடம்?

“இருவது வருசம் கழிச்சு உனக்கு இப்பதான் அறிவு வந்துகீது,” என்று தலைவர் பாராட்டினார்.

ஆனால் ஒன்றியத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். சிநேகா என்று பெயர், இளம் வயது. ஊர் மக்கள் கூடி முதலாவது என்று எழுதியதை மாற்ற நமக்கு என்ன உரிமை என்று கேட்டு, ஒவ்வோர் ஊராட்சியிலும் முதல் வேலையை மட்டும் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கண்ணாயிரத்தின் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இப்படி ஒரு நேர்மை குறுக்கிட்டதே இல்லை.

ரூத்துக்கு வேலை போகும்வரை காத்திராமலே, சொன்னபடி ரெபேக்காள் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். சொன்னபடி டீயும் வந்தது.

“குடிம்மா.”

“இதக் குடிக்கத்தான் வந்தனா? மேடத்துகிட்ட போய் உள்ளதச் சொல்லு.”

“இன்னான்னு சொல்றது? ஒண்ணாவதுன்னு எழுதனது பொய்யின்னா?”

“ஆமா. அதத்தான்.”

அலுவலகத்தில் உண்மை பேசக்கூடாது என்ற கொள்கையெல்லாம் கண்ணாயிரத்துக்குக் கிடையாது. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மறுநாள் போய் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சிநேகா தீர்மான நோட்டைத் திருப்பினார்.

“நூத்திப் பதிமூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. வளைவு வேணும்னுதானே?”

“வளைவுக்குப் போடல மேடம். டீக்கும் பன்னுக்கும் போட்டாங்க.”

“அதை எழுதிக் கொடுப்பீங்களா?”

கண்ணாயிரம் மின்விசிறியைப் பார்த்தார்.

“வேலையை மாத்த முடியாதுங்க. மாத்தணும்னா மறுபடியும் கிராமசபை, அடுத்த வருஷப் பட்டியல்.” பக்கத்தைப் புரட்டியவர் நிறுத்தினார். “இதென்ன, வளைவு எங்க வருதுன்னு எழுதவே இல்லை? இப்பவே எழுதுங்க.”

கண்ணாயிரம் பேனாவை வாங்கினார். காலியான கட்டத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, ‘குடியிருப்புச் சாலை, கலங்கல் வாய்க்காலின் மேல்’ என்று எழுதினார்.

“வாய்க்கால் மேலயா வளைவு?”

“ஆமாம் மேடம். ரெண்டு கரையிலயும் ரெண்டு காலு.”

“நடுவில வண்டி எப்படிப் போகும்?”

“அதான் மேடம். அடியில குழாய் போட்டு, மேல தளம் போடணும். இல்லாட்டி வளைவு மட்டும் தண்ணியில நின்னுகினு இருக்கும்.”

சிநேகா அவரை நிமிர்ந்து பார்த்தார். “நான் வந்து இடத்தைப் பார்க்கிறேன்.”

அப்போது ஆடி மாதம். வாய்க்காலில் ஆடுகள் படுத்திருக்கும். “ஐப்பசியில வாங்க மேடம்,” என்றார் கண்ணாயிரம். “கரையிலேர்ந்து பாத்தாப் போதும். உள்ள எறங்க முடியாது.”

சிநேகாவுக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பாக்கி இருந்தது தலைவர். “ஊர்ப் பேர அங்க போயா எழுதுவ? அது ஊருக்கு வெளியய்யா.”

“தலைவரே, ஜிஎஸ்டி ரோட்ல போற பஸ்ஸுலேர்ந்து தெரியற எடம் அது ஒண்ணுதான். நம்ம தெரு முனையில கட்டனா நாமதான் பாத்துக்கினு இருக்கணும். உங்க பேர எவ்ளோ பெருசாப் போடறது? ரெண்டடியா, மூணடியா?”

தலைவர் யோசித்தார். “மூணு.”

ஊருக்கு வெளியே என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட குடியிருப்பு இப்படித்தான் ஊரின் முகப்பானது. எத்தனையோ சட்டத்துக்கு அசையாதது மூன்றடி எழுத்துக்கு அசைந்து கொடுத்தது. ஊராட்சிப் பதிவேட்டில் நாணல்பாக்கத்துக்கு இன்றைக்கும் சிறுபாலம் கிடையாது. ‘வளைவின் அடித்தளம்’ மட்டும் உண்டு.

கார்த்திகையில் ஏரி வழிந்தது. விடிகாலை ஐந்து மணிக்குக் கண்ணாயிரம் குடையோடு வந்து வளைவின் கீழே நின்றார். குழாய்களில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. தளத்தின் மேல் கொலுசு நனைகிற அளவுக்குத்தான் இருந்தது. மேலே தலைவர் பெயரில் பாதிப் பெயின்ட் மழையோடு போயிருந்தது.

ரெபேக்காளும் ரூத்தும் வந்தார்கள். ரூத் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. வேன் ஹாரன் கேட்டதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

“கிளார்க்கு,” என்றாள் ரெபேக்காள், “வர்ற லிஸ்டுல எங்க தெரு வெளக்க எந்த நம்பர்ல போடுவ?”

“அந்த மேடம் இருக்காங்களா, மாத்திட்டாங்களான்னு கேட்டுகினு வந்து சொல்றேன்.”

அந்த மழைக்கு ரூத் வேலைக்குப் போகாதது ஒரே ஒரு நாள். அன்று அவளுக்குக் காய்ச்சல்.