ஸ்டெல்லா அழிக்காத கோடு

இன்று சாத்தம் ஜெட்டியில் படகுக்காக நின்றபோது, எழுபதுகளில் என்னோடு எட்டாம் வகுப்பு படித்த ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

அப்போது எங்கள் அறிவியல் சார் போர்டில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, நடுவே ஒரே ஒரு ஒயர் வரைந்து, பல்பைச் சுற்றி வெளிச்சமும் போட்டார்.

"சார், கரண்ட் திரும்பி வர இன்னொரு ஒயர் வேணுமே" என்றேன். என் அப்பா ஒயர்மேன்.

"சுப்சாப் பைட்டு! பேசாம உட்காரு! நாளைக்கு எரிச்சுக் காட்டு, பார்ப்போம்" என்றார் சார்.

மறுநாள் அப்பாவின் டார்ச் பல்பு, பேட்டரி, ஒயரோடு போனேன். ஒரு ஒயரில் பல்பு எரியவில்லை. இரண்டாவது ஒயரையும் பேட்டரியில் வைத்ததும் எரிந்தது. வகுப்பே கைதட்டியது.

சார் நிதானமாக போர்டில் இன்னொரு கோடு போட்டார். "நேத்தே போட்டிருந்தேன். போர்டு துடைக்கிறவ இதை மட்டும் அழிச்சிட்டா."

போர்டு துடைப்பவள் ஸ்டெல்லா. அந்தப் பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றாள். சார் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை.

இன்று நலம்கூட விசாரிக்காமல் சொன்னாள்: "அந்தக் கோட்டை நான் அழிக்கலடி."

"தெரியும்டி."

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

சார் முதல் நாள் ஒரே ஒயர்தான் வரைந்தார் என்று, அந்த வகுப்பில் படித்தவர்கள் கமெண்டில் சாட்சிக்கு வாருங்கள். அன்று சொல்லாத என்னைத் தவிர, யார் வந்தாலும் அவள் ஏற்றுக்கொள்வாள்.