சத்தமில்லாமல் ஓடிய புளோயர்

எங்கள் அப்பாவுக்கு எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பட்டுப்புடவை நெய்கிறவர். புடவையை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவை தூக்கித் தாழ்த்துவார். கனமாக இருந்தால் மூன்று தலைமுறைக்கு உழைக்கும் என்பார். லேசாக இருந்தால் மடித்து வைத்துவிடுவார். புடவைக்கு அது சரி. தர்பூசணிக்கும் சரி என்றே வைத்துக்கொள்வோம். இலை ஊதும் மெஷினுக்கும் அதையே செய்து பார்த்தார் பாருங்கள், வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மெஷின் எதற்கு என்று கேட்பீர்கள். ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் நீளமான தோட்டம் ஒன்று உண்டு. தோட்டம் என்றால் பூ, காய் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு பெரிய புங்கமரம், அதன் நிழல், அவ்வளவுதான். அந்த நிழலில்தான் பாவு நீட்டுவார்கள். பாவு என்பது புடவையின் நீளத்துக்கு ஓடும் பட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவிட்டு எடுக்க வேண்டும். முன்பெல்லாம் தெருவிலேயே நீட்டினார்களாம். நான் பிறப்பதற்குள் தெரு முழுக்க பைக்கும் ஆட்டோவும் வந்துவிட்டதால், அக்கம்பக்கத்து வீட்டுப் பாவும் எங்கள் தோட்டத்துக்கே வந்தது. அநேகமாக தினமும் காலையில் யாருடைய பாவாவது அங்கே நீண்டு கிடக்கும்.

மற்ற மாதமெல்லாம் தொல்லை இல்லை. மாசி பிறந்தால் புங்கமரம் இருக்கிற இலையை எல்லாம் கொட்டித் தீர்க்கும். ஈரப் பாவில் ஒரு காய்ந்த சருகு ஒட்டிக்கொண்டால் போதும், எடுக்கும்போது நாலு இழையைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். அதனால் பாவு வருவதற்குள் அம்மா தோட்டம் முழுக்கப் பெருக்கிவிடுவார். எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் அம்மாவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை சீவவே கை மேலே போகவில்லை. அதற்கு அப்பா ஒரு வைத்தியம் சொன்னார்: மரத்தை வெட்டிவிடலாம்.

சொன்னதோடு நிற்கவில்லை. சந்தவாசலிலிருந்து ஒரு மரக்காரரை வரவழைத்தார். அவர் கயிற்றால் மரத்தின் இடுப்பைச் சுற்றி அளந்தார். அம்மா குறுக்கே போய் நின்றுகொண்டார். அந்த மரம், கல்யாணம் ஆன புதிதில் சேவூரில் பிறந்த வீட்டிலிருந்து அவர் கன்றாகக் கொண்டுவந்து நட்டது. ஆனால் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “நெழலு போச்சுன்னா வெயில்ல பாவு காஞ்சி, இழையெல்லாம் படபடன்னு அறும். அப்போ இன்னா பண்ணுவீங்க?” என்று தொழிலையே பேசினார். எனக்குத் தொழிலெல்லாம் தெரியாது. அந்த மரத்தின் கிளையில்தான் என் ஊஞ்சல் இருந்தது. நானும் போய் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மெஷின் உண்டு, அதற்கு ஒரு வீடியோவும் உண்டு என்பது அவர் கட்சி. செல்போனை அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டி, இலையை ஊதித் தள்ளும் புளோயரைக் காட்டினார். அப்பா ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார். “மெஷின் ஒழுங்கா வேல செஞ்சா மரம் இருக்கட்டும். மெஷின் நின்னுச்சுன்னா, அன்னிக்கே மரத்த வெட்டிடுவேன்.”

ஆக, ஒரு மெஷின் எத்தனை நாள் உழைக்கும் என்பதில் என் ஊஞ்சலின் ஆயுள் போய் மாட்டிக்கொண்டது.

மருந்தடிக்கும் மெஷினும் புல் வெட்டும் மெஷினும் விற்கிற கடைக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று மெஷின்களை எடுத்து வைத்து, ஒன்று கரண்டில் ஓடுவது, ஒன்று பேட்டரி, ஒன்று பெட்ரோல் என்று விளக்கினார். வீட்டுத் தோட்டத்துக்குக் கரண்டு மெஷினே போதும், கெட்டுப்போனாலும் பாகம் சுலபமாகக் கிடைக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார். மாமாவுக்குப் பேட்டரி மெஷின் மேல் கண். ஒயரே வேண்டாம், ஜல்தியா வேலை முடியும் என்றார்.

அப்பா இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கண்ணை மூடினார். “வெயிட்டே இல்லியே. உள்ள காலியா கீதா?” என்று கேட்டார். பிறகு பெட்ரோல் மெஷினை இரண்டு கையாலும் தூக்கினார். முதுகில் மாட்டிக்கொள்கிற ரகம், ஏதோ தென்னந்தோப்புக்காக வந்தது. அதைத் தூக்கியதும் அப்பா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நல்ல ஜரிகைப் புடவையைத் தூக்கும்போது வருமே, அதே நிம்மதி. அம்மா மட்டும், “இத யாரு முதுகுல மாட்டிகினு நடக்கறது?” என்று கேட்டார். அதற்குள் அப்பா பணத்தை எண்ண ஆரம்பித்திருந்தார்.

கிளம்பும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். பெட்ரோலில் அளவாக ஆயில் கலக்க வேண்டும், ஆயில் குறைந்தால் மெஷின் நின்றுவிடும் என்றார். பெரியவர்கள் அளவாக என்பதைக் கேட்டுக்கொண்டார்கள். நான் நின்றுவிடும் என்பதைக் கேட்டுக்கொண்டேன்.

யார் முதுகில் மாட்டுவது என்ற அம்மாவின் கேள்விக்குப் பதில் மறுநாள் தானாகக் கிடைத்தது. அம்மாவால் மெஷினை அசைக்கக்கூட முடியவில்லை. ஆசைப்பட்டு மாட்டிப் பார்த்த மாமா ஐந்து நிமிஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேர்ந்தெடுத்த பாவத்துக்கு அப்பாவே மாட்டிக்கொண்டார். மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்ததும் அது போட்ட சத்தத்தில் தெருவே எழுந்து வெளியே வந்தது. இலைகள் மொத்தமாகக் கிளம்பி, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு அத்தை துவைத்துக் காயப்போட்டிருந்த துணிமேல் போய் உட்கார்ந்தன. “பேஜார் புடிச்ச மெஷினா கீதே” என்று அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. இரண்டு நாளில் அப்பாவுக்குக் கை பழகிவிட்டது. தோட்டம் சுத்தமானது. ஊஞ்சல் ஆடியது.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அது எப்போது நிற்குமோ, மரக்காரர் எப்போது வருவாரோ என்று பள்ளிக்கூடத்தில்கூட அதே நினைப்பு. தறியில் தேய்கிற இடத்துக்கெல்லாம் அப்பா எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார். எண்ணெய் விட்டால்தான் தறி உழைக்கும் என்பது எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். போதாததற்குக் கடைக்காரரும் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் நிறைய நல்லெண்ணெய் எடுத்துப்போய் பெட்ரோல் டேங்கில் ஊற்றினேன். வீட்டில் இருந்ததிலேயே நல்ல எண்ணெய் அதுதான். சாமி விளக்குக்கு ஊற்றுவது.

மறுநாள் விடியற்காலையில் அப்பா கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. சர்ரென்று ஒரு இழுப்பு. திரும்ப ஒரு இழுப்பு. இருபது வரை எண்ணினேன். மெஷின் வாயைத் திறக்கவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். என் கையாலேயே என் மரத்தைக் கொன்றுவிட்டேன் என்று அழுதேன். அழுதபடியே எப்போது தூங்கினேனோ தெரியாது.

ஏழு மணிக்கு எழுந்து தோட்டத்துக்கு ஓடினால், ஒரு சருகு இல்லை. பாவு ஜம்மென்று நீண்டு கிடந்தது. நாலு பேர் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். மரம் நின்றுகொண்டிருந்தது. மெஷின் தோட்டத்து மூலையில் இருந்த கொட்டகையில் சாக்கு போர்த்திக்கொண்டு சமர்த்தாக இருந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். தோட்டம் பளிச்சென்று இருக்கிறது, தெருவை எழுப்புகிற அந்தச் சத்தம் மட்டும் இல்லை. யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணெய் போட்டால் தறிகூடக் கிறீச்சிடாமல் போகிறதே, நல்லெண்ணெய் போட்ட மெஷின் சத்தமில்லாமல் ஓடாதா? வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். “நான்தான் டேங்க்ல நல்லெண்ண ஊத்தினேன். அதான் இப்போ சத்தமே இல்லாம ஓடுது.”

அப்பா கையில் பிட்டிருந்த இட்லி அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. தோள்வலி அதிகமாகிவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு அப்பா, “ஆமாமா, நல்ல எண்ண. இன்னும் ஊத்தாத, இதுவே போதும்,” என்றார். அந்த வாரம் மாமா வந்து மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டபோதும், “ஃபர்ஸ்ட் கிளாஸா ஓடிகினு கீது,” என்று அவரைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. கனம் பார்த்து எடுத்த பொருள் என்றால் சும்மாவா என்று எனக்கும் தோன்றியது.

புங்கமரம் முழுக்க மொட்டையாகி, திரும்பத் துளிர்த்து, பச்சைப் பசேல் என்று ஆனது. மரக்காரர் வரவே இல்லை. என் ஊஞ்சல் அதன் பிறகும் வெகுநாள் ஆடியது.

அந்த மாசி முழுக்க எங்கள் வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு புதுத் தென்னந்துடைப்பம் வந்தது. சாயங்காலம் அம்மா அப்பாவின் உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு, கொப்புளத்துக்கு அதே நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டிருப்பார். தறி போடுகிற கைக்கு இப்படியெல்லாம் ஆகும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் ஊஞ்சலுக்கு ஓடிவிடுவேன்.