அம்மாவுக்கும் ஒரு தோட்டம் இருந்தது

மலேசியாவில், சுபாங் ஜெயாவில் நான் வேலை பார்க்கும் கால் சென்டரில் ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கற்றுக்கொண்டு வரச் சொல்லி என்னை மூன்று மாதம் மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பண்டமாரான் வீட்டில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போனேன்.

ஏழாவது வாரம் வகுப்பிலிருந்து எங்களை ஒரு பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். ஸ்பானிய வம்சத்து முதலாளிகள் கயிற்றுக்காகக் கற்றாழை பயிரிட்ட இடம், இப்போது ஹோட்டல். வேலையாட்களை எழுப்ப அடித்த மணி வரவேற்பறையில் தொங்கியது. கூடப் படித்தவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

ஹோட்டலில் யாராவது ஒருவரிடம் பத்து நிமிடம் ஸ்பானிஷில் பேசிவிட்டு வரச் சொன்னார் ஆசிரியை. நீச்சல் குளத்தருகே ஓர் அம்மாள் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா வயது இருக்கும். அவருடைய அப்பா இதே தோட்டத்தில் கற்றாழை வெட்டியவராம்.

"உங்கள் வீடு எங்கே இருந்தது?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

அவர் குளத்தைக் காட்டினார். "இங்கேதான். வரிசையாகக் குடிசைகள் இருந்தன."

எங்கள் அம்மாவும் தோட்டத்தில் பிறந்தவர், ரப்பர் மரம் சீவியவர், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டை இடித்தபோது வெளியேறியவர் என்று சொல்ல நினைத்தேன். அவசரத்தில் வினைச்சொல் மாறி, அம்மா தோட்டத்துக்குச் சொந்தக்காரர் என்று ஆகிவிட்டது. "எங்கள் அம்மாவுக்கும் ஒரு தோட்டம் இருந்தது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் உடனே எழுந்து நின்றார். முகத்தில் இருந்த நெருக்கம் போய்விட்டது. "அப்படியா, சீமாட்டி" என்றார். இல்லை இல்லை, வேலை, வேலை என்று கைகளை ஆட்டினேன். அவர் பணிவாகத் தலையசைத்து, துண்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். பஸ் கிளம்பும்வரை காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.

அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டேன். பண்டமாரானில் அப்போது மறுநாள் காலை. நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"லயம் இருந்த எடத்துல குளமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தம்மாவுக்கு அங்கயே வேலையாச்சும் குடுத்தாங்க. நமக்கு ஒரு நோட்டீஸு, சாமான் ஏத்த ஒரு லோரி. அவ்ளோதான் லா" என்றார்.

இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெலுக் பங்லிமா காராங் பக்கம் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவே கேட்டார். அவர் பிறந்த தோட்டம் இருந்த இடம் முழுக்கத் தொழிற்சாலைகள். ஒரு கேட்டின் முன் நிறுத்தச் சொன்னார். காவலாளி வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டார். அம்மாவைப் பார்த்தேன்.

"தோ, அந்த லோரி நிக்கிற எடத்துலதான் தண்ணிக் குழா இருந்துச்சு" என்றார் மெதுவாக.

"எறங்குறீங்களாம்மா?"

"வேணாம். காரத் திருப்பு."

பெல்ட்டைக்கூட அவர் கழற்றவில்லை. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அழுகிறாரா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.