கட்டிலருகே சப்பாத்து

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை. நான் வசிக்கும் நியூசிலாந்தின் வெலிங்டனில்தான் சிவம் அண்ணையின் மகளும் இருக்கிறாள். அவளுக்கென்று அண்ணை, கண்ணாடி போட்ட பெரிய குடும்பப் படத்தை என்னிடம் தருகிறார்.

"கட்டில் தலைமாட்டிலை மாட்டச் சொல்லுங்கோ."

"அங்கை தலைக்கு மேலை ஒண்டும் மாட்டுறேல்லை அண்ணை. ஊருக்குக் கீழை நிலப்பிளவு ஓடுது, எந்த நேரமும் நிலம் நடுங்கலாம். உடைஞ்ச கண்ணாடி காலிலை குத்தாமல் இருக்க, கட்டிலுக்குப் பக்கத்திலை சப்பாத்து வச்சுக்கொண்டுதான் படுக்கிறம்."

வெளியே பஸ் போகிறது. சுவர்ப் படங்கள் லேசாக அதிர்கின்றன. நான் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அண்ணை படத்தைத் திரும்ப வாங்கி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கடைக்காரரிடம் நீட்டுகிறார்.

"படுக்கிற அறைக்குள்ளை என்ன சப்பாத்து எண்டு போன கிழமையும் வீடியோவிலை அவளை ஏசினனான். காரணத்தைச் சொல்லாமல் சிரிச்சவள்."