விசாவும் மீசையும்

காலை ஐந்தே முக்கால். கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது மாமாவின் மேலுதட்டில் இருந்த சோப்பு நுரையை. வாசலில் முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் தாத்தா குந்தியிருந்தார், கையில் சவரக்கத்தியோடு. வலது பக்க மீசை இறங்கிவிட்டது. இடது பக்கம் இன்னும் இருந்தது. பாதி மீசையோடு மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார். “ஆடாதடா” என்று தாத்தா அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

எங்கள் பக்கத்தில் அப்பா உயிரோடு இருக்கிறவர்கள் மீசையை எடுப்பதில்லை. தலைமுடியைக் கோயிலுக்குக் கொடுக்கலாம், மீசையைக் கொடுக்க முடியாது. அப்பா செத்த அன்று சுடுகாட்டுக்குப் போகும் முன்தான் அது இறங்கும். இங்கே அப்பாவே தன் கையால் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் முடிவெட்டுகிறவர் முந்தின நாள் சாயங்காலம் வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்காமலே திரும்பிவிட்டார்.

“பெருசு எதிர்ல குந்திக்கினு இருக்கச் சொல்ல நான் எப்டிங்க கத்தி வெப்பேன்? பாவம் எம்மேல வந்து வுழும்.”

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலால் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. மாமாவை வழியனுப்ப அம்மாவும் நானும் சங்கராபுரம் பக்கத்தில் இருந்த தாத்தா வீட்டுக்கு முன்பே வந்துவிட்டோம். வந்த பிறகு பஸ் நின்றுபோனது. சாலையோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு மரம் படுத்திருந்தது.

மாமா சவூதிக்குப் போவதாக இருந்தார். விசா என்றால் அந்த ஊர் ராஜா மாமாவுக்கு எழுதிய அழைப்பு என்று நான் நம்பினேன். ராஜா ஆளுகிற நாடு என்று மாமாதான் சொல்லியிருந்தார். அழைத்தவர் இத்தனை நிபந்தனை போடுவாரா என்று மட்டும் எனக்குச் சந்தேகம். மார்பை எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும். ஊசி போட்ட அட்டை வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று நம் சர்க்காரின் முத்திரை வேண்டும். சாமி படம் கொண்டுபோகக் கூடாது. கசகசா கூடாது; அங்கே அது போதைப்பொருளாம். மாமாவுக்காக அரைத்து வைத்திருந்த மசாலாத் தூளைப் போட்டு அம்மா எங்களுக்கே குழம்பு வைத்துவிட்டு, கசகசா இல்லாமல் வேறு அரைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கெடு. விசாவில் போட்டிருக்கும் தேதிக்குள் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும். அது வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பம்பாயில் விமானம் ஏற வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை.

விசா வந்தால் மாமாவுக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். வந்தது. கல்வராயன் மலை அடிவாரத்துக் கோயிலில் மொட்டையும் போட்டார்கள். அதற்கு மறுநாள் மெட்ராஸ் ஏஜெண்டிடமிருந்து தகவல் வந்தது: ஆள் பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பது போலவே வர வேண்டும். போட்டோவில் மாமாவுக்குக் காதை மூடிய முடி. உதட்டை மூடிய மீசை. “முடிதான் போச்சு. மீசை இருக்குதுல்ல, அத்த வெச்சிக் கண்டுபுடிப்பான்” என்று மாமா இரண்டு நாளாக மீசையைச் சீவிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சிச் சாலையில் போய்ப் பார்த்தார். முதல் மரத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாவு, பிரசவம், பால் வண்டி ஆகியவற்றுக்கு வழி உண்டு; மற்ற யாரும் போகக் கூடாது. அந்த வாரம் எங்கள் சாலைக்கும் விசா வேண்டியிருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருவண்ணாமலைக்கு பஸ் ஓடுவதாக யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் தாத்தா யோசனையைச் சொன்னார். அப்பன் செத்து, மொட்டை போட்டவன், சாம்பல் கரைக்க மணலூர்பேட்டை ஆற்றுக்குப் போகிறான். எந்த மரத்தில் யார் நிறுத்துவார்கள்?

“வாயக் கழுவுங்கப்பா” என்றாள் அம்மா.

“சொன்னா செத்துருவனா? யாரும் சொல்லாமயே எத்தினி பேரு செத்துக்கினு கீறாங்க.”

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். “இதுவும் போச்சுன்னா போட்டோவுக்கும் எனக்கும் இன்னாப்பா மிச்சம்?”

“மூக்கு இருக்குதுல்ல? மொதல்ல ஆத்தத் தாண்டு. பம்பாய்க்காரன் கேட்டா அப்பறம் பாத்துக்கலாம். மீசையோட போனா, அப்பன் செத்தவனுக்கு மீசை ஏதுன்னு மொத மரத்துலயே கேப்பான்.”

அப்படித்தான் அந்தக் காலையில் மீசை இறங்கியது. முடிந்ததும் தாத்தா ஈரத் துண்டால் மாமாவின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி ஒரு சின்னக் கலயத்தில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டினார். அதை என் கையில் கொடுத்தபோது கலயம் வெதுவெதுப்பாக இருந்தது. “தாத்தாவக் கீழ போட்றாத” என்றார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு சைக்கிளில் மூன்று பேர் கிளம்பினோம். நான் முன்கம்பியில் கலயத்தோடு, அம்மா பின்னால். மாமாவின் தோளில் ஏஜெண்ட் கொடுத்த பை. அதற்குள் இரண்டு சட்டை, மசாலாத் தூள், பாஸ்போர்ட்.

முதல் மரத்தில் வேட்டி கட்டிய நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் மாமாவின் தலையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“யாரு?”

“எங்கப்பா” என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளுக்குக் குரல் வரவில்லை. வராதது நல்லதாகப் போயிற்று.

“எந்த ஊரு? யாரு வூடு?”

அம்மா ஊர்ப் பெயரை மட்டும் சொன்னாள். கேள்வியின் இரண்டாவது பாதியில் அவர் உண்மையில் என்ன கேட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் என்னிடம் குனிந்தார். “தாத்தான்னா ரொம்ப ஆசையா பாப்பா?”

பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். “தாத்தா காலையிலகூட எங்கூடப் பேசினாரு” என்றேன்.

மாமாவின் கை சைக்கிள் பிரேக்கை இறுக்கியது. கம்பியில் அது எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“கனவுல வந்திருக்காரும்மா. போவ மனசு வரல பெரியவருக்கு” என்று அம்மாவிடம் சொன்னார். இரண்டு பேராகச் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். என்னை அவரே தூக்கிவிட்டார். கலயத்தை மட்டும் தொடவில்லை.

இரண்டாவது மரத்தில் யாரும் அதிகம் கேட்கவில்லை. தூரத்தில் மாமாவின் தலை தெரிந்ததுமே வழிவிட்டார்கள். மணலூர்பேட்டைக்கு முன்னால் இருந்த மரத்தில்தான் சிக்கல். அங்கே பேன்ட் போட்ட ஒரு இளைஞர் தனியாக அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி, அடுத்த மரத்தடியில் ஒரு கூட்டம். அவர் மாமாவின் தலையைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். நாங்கள் நான்கு பேரும் வீட்டில் கவனிக்காமல் விட்டது அந்தப் பையைத்தான். நீல ரெக்ஸின் பை. அதன் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையில் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது.

“சாம்பல் கரைக்கவா?”

“ஆமாங்க.”

“பிளேன்ல போயா கரைக்கறீங்க?”

அம்மா என் தோளைப் பிடித்தாள். அவர் இறங்கி வந்து, கூட்டம் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“எந்த நாடு?”

“சவூதி.”

“என்னிக்குள்ள போய்ச் சேரணும்?”

“வெள்ளிக்கிழம.”

“நெஜமாவே அப்பா செத்துட்டாரா?”

மாமா தரையைப் பார்த்தார். “வூட்ல இருக்காரு” என்றார்.

இளைஞருக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டார். “மீசைய யாருய்யா எடுத்தது?”

“அவுருதான்.”

சிரிப்பு நின்றது. மாமாவின் தோளில் இருந்த பையைப் பிடித்து, விமானம் உடம்போடு ஒட்டும்படி திருப்பிவிட்டார். “படம் உள்பக்கமே இருக்கட்டும். அந்த மரத்துல எங்க பெரியப்பா. அவுரு லேசுல வுடமாட்டாரு.” சைக்கிளைத் தூக்கிக்கொண்டே, “பி.காம் முடிச்சிட்டு நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். பீரோவுல கெடக்குது. கூப்புட ஆளில்ல” என்றார். பிறகு சத்தமாக, அடுத்த மரத்துக்குக் கேட்கும்படி கத்தினார்: “சாம்பலு வருது பெரிப்பா, வழி வுடுங்க!”

பெண்ணையாற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எங்களைப் பார்ப்பவர் யாரும் இல்லை. கலயத்தை மணலில் வைத்துவிட்டு மாமா போயிருக்கலாம். அவர் அதை என் கையிலிருந்து வாங்கினார். செருப்பைக் கழற்றினார். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, துணியை அவிழ்த்து, தலையைத் திருப்பிக்கொண்டு சாம்பலைக் கொட்டினார். காலையில் கஞ்சி காய்ச்சிய அடுப்புச் சாம்பல் அது. கரித்துண்டு ஒன்று மிதந்து போனது. நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்து நான் கைதட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா பையை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு அக்கரை ஏறினார். ஒருமுறை திரும்பிக் கைகாட்டினார். அந்தத் தூரத்தில், மொட்டைத் தலையும் வெறும் உதடுமாக, அவர் யாரோ மாதிரி இருந்தார்.

அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தள்ளிக்கொண்டு வந்தோம். பி.காம் இளைஞர் அதே மரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“போய்ட்டாரா?”

“போய்ட்டான்” என்றாள் அம்மா.

அவர் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது தாத்தா கூழ் குடித்துக்கொண்டிருந்தார். “எத்தினி மரம் பாப்பா?” என்றார். நாலு என்றேன். “நாலு தடவ செத்தனா? ஒடம்பு வலிக்குதுன்னு பாத்தேன்” என்று மறுபடி கூழைக் குடித்தார்.

சில வாரம் கழித்து மாமாவிடமிருந்து ஒரு கேசட் வந்தது. டேப் ரிக்கார்டர் கடன் வாங்கிப் போட்டுக் கேட்டோம். பம்பாய் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தாராம். அவர் இந்தியில் கேட்டது மாமாவுக்குப் புரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற மலையாளி ஒருவர் மாமாவின் தலையைக் காட்டி, “ஃபாதர் டெத், சார்” என்றிருக்கிறார். அதிகாரி முத்திரை குத்தினாராம். “இங்க வந்தா ஃபோர்மேனும் மொட்டையப் பாத்துட்டு இன்னான்னு கேட்டாருப்பா. நானும் அதையே சொல்லிட்டேன். பாவம்னு ஒரு நாளு வேலைக்குப் போவாம உக்கார வெச்சாரு” என்றது மாமாவின் குரல். தாத்தாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னார்.

மறியல் முடிந்து மரங்களை அறுத்து விறகாக்கினார்கள். அந்த மனிதர்கள் கேட்டது கல்லூரியில் இடமும் சர்க்கார் வேலையும் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அவர்கள் மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்தான். விசா என்பது உள்ளே போவதற்கான சீட்டு என்றும், அது இருந்தால் எல்லாம் முடிந்தது என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வெளியே வருவதற்கும் ஒரு முத்திரை வேண்டும், முதலாளி மனது வைத்தால்தான் அது கிடைக்கும், வேலை பார்க்கிறவரின் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கும் என்பதெல்லாம் தாத்தா இறந்தபோதுதான் தெரிந்தது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசிக் கடையில் காத்திருந்து அம்மா மாமாவுக்குச் சொன்னாள். மாமா ஃபோர்மேனிடம் போனார். அதே ஃபோர்மேன்தான். “நீ வரும்போதே உன் அப்பா செத்துட்டார்னு சொன்னியே. அன்னைக்கு உனக்கு லீவும் குடுத்தேனே” என்றாராம்.

பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் கொள்ளி வைத்தார். சாம்பலை மணலூர்பேட்டைக்கு பஸ்ஸில் எடுத்துப் போனோம். வழியில் யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த மாதம் மாமாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு லாரிக்கு முன்னால் நிற்கிறார். தலை மொட்டை. மீசை இல்லை.