ஏழு பேரா, எட்டு பேரா?

நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். ஜமுனாமரத்தூரில் தூறல், மூன்று நாளாக விடாத தூறல். கொடியில் காயாத வேட்டி நான்கு. கைபேசியில் சிக்னல் இரண்டு கோடு. இதையெல்லாம் குறித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

வாசகர் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். உறுப்பினர்கள் நூற்றுப் பதினான்கு பேர், வாய் திறப்பவர்கள் ஒன்பது பேர். முந்தின நாள் ஒருவர், பிடித்த விஞ்ஞானக் கதை, மாயக்கதை எழுத்தாளர்களை வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தார். சும்மா வரிசைப்படுத்தினால் எனக்குத் திருப்தி வராது. கதைக்குப் பத்து, மொழிக்குப் பத்து, கணக்குச் சுத்தத்துக்குப் பத்து என்று பிரித்து மதிப்பெண் போட்டேன். ராக்கெட்காரருக்கு இருபத்தெட்டு, மாயக்காரருக்குப் பத்தொன்பது. ராக்கெட்காரருக்குக் கணக்கில் பத்துக்குப் பத்து. அனுப்பிய நாலாவது நிமிடம், பெயரில்லாத ஓர் எண்ணிலிருந்து பதில் வந்தது.

"ஏழு பேரா, எட்டு பேரா சார்?"

அவ்வளவுதான். டீ ஆறிப்போனது. இந்தக் கேள்வி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான்.

ராக்கெட்காரர், மாயக்காரர் என்பவை நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள். இருவருமே இப்போது இல்லை. இருபத்தொன்பது வயதில் நான் இந்த மலைக்கு எழுத்தர் வேலைக்கு வந்தேன். கடுக்காய், தேன், புளி எல்லாவற்றையும் எடைபோட்டு வாங்கும் கிடங்கு. பக்கத்துச் சுவரைத் தாண்டினால் துணை சுகாதார நிலையம். அங்கே நர்ஸ் மரகதம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் சிஸ்டர் என்பேன், அவர் சார் என்பார். மலையில் கதைப் புத்தகம் படிக்கிற ஆள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பது என் கணக்கு.

வியாழக்கிழமை போளூர் பஸ்ஸில் வாரப் பத்திரிகை ஒரே ஒரு பிரதி வரும். நனைந்த தார்ப்பாய், டீசல், யாரோ ஏற்றிவந்த கருவாடு, மூன்றும் கலந்த வாசனை அதற்கு. ஒரு வாரம் என் செலவு, ஒரு வாரம் அவர் செலவு. அதில் ராக்கெட்காரர் தொடர் ஒன்று, மாயக்காரர் தொடர் ஒன்று. பெரிய அளவுத் தாள், பொடி எழுத்து. ஆசிரியர் யாரோ வேலை மெனக்கெட்டு செய்த சதி போல, ஒரே தாளில் முன்பக்கம் ராக்கெட், பின்பக்கம் மாயம். தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்யும் பழக்கம் இருவருக்கும் உண்டு. தாளோ ஒன்று. ஆகவே ஏற்பாடு இப்படி: தாள் முதலில் சிஸ்டரிடம், அடுத்த வாரம் என்னிடம், தொடர் முடிந்ததும் ஒரே புத்தகமாகத் தைத்து ஆளுக்கு ஆறு மாதம்.

சண்டைக்குக் குறைவே இல்லை. ராக்கெட்காரரின் பழைய நாவல் ஒன்றில் நிலாவுக்கு அடியில் ஓர் ஊர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். எவ்வளவு துல்லியம் என்று நான் வியந்தேன்.

"மூணு லிட்டருக்கு நெலாவுக்கு இன்னாத்துக்கு சார் போவணும்? சித்திர மாசம் இங்கயே அவ்ளோதான் கெடைக்குது," என்றார்.

மாயக்காரர் கதையில் ஓர் ஆறு அமாவாசைக்கு அமாவாசை தூங்கும். ஆறு தூங்கினால் மீன்கள் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"அதுங்களுக்கும் ஒரு நாள் லீவு. உங்களமாரி கெடங்க கட்டினு அழுவுமா?"

நான் கணக்குக்காக ராக்கெட்காரரைப் படித்தேன். அவர் ஆட்களுக்காக மாயக்காரரைப் படித்தார். "உங்காளு கதையில எத்தினியோ பேர் சாவறாங்க, ஒருத்தருக்கும் ஒரு வயித்து வலி வர்ல பாருங்க" என்பது ஒரு நர்ஸின் விமர்சனம். அன்று சிரித்தேன். சட்டைப்பைக்குள் தொலைபேசி வரும் என்று எழுதிய ராக்கெட்காரர் ஜெயித்துவிட்டார், உண்மை. ஆனால் தன் நிழலையெல்லாம் அடகு வைத்துவிட்டு வெயிலில் நிற்கும் ஊரைப் பற்றி மாயக்காரர் எழுதியிருந்தாரே, அதைச் சாலை அகலப்படுத்த மரங்களை வெட்டிய வருடம் பஸ் நிறுத்தத்தில் நின்று நானே பார்த்தேன். நாற்பத்தாறு மரங்கள்.

அந்தத் தொடருக்கு வருகிறேன். ராக்கெட்காரரின் கப்பலில் ஏழு பேர், தொண்ணூறு நாள் சாப்பாடு. பதினோராவது வாரம் சிஸ்டர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"சார், சாப்புட உக்காந்தவங்கள எண்ணுங்க. ஏழு பேரா, எட்டு பேரா?"

எண்ணினேன். எட்டு. தேன் டப்பாவைக்கூட மூன்று முறை எண்ணுகிற நான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் அவருடன் சரியாகப் பேசவில்லை.

மாயக்காரர் தொடரில், தன் குரலை மலைக்குக் கடன் கொடுத்துவிட்டு ஊமையாகத் திரியும் ஒரு பெண். புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தைகளுடன் காத்திருக்கும் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டுவார் சிஸ்டர். வாரா வாரம் கூட்டம் பெருகியது. ஊசிக்குப் பயந்து ஒளிந்தவர்கள்கூட வந்தார்கள். "நர்சம்மா, அவளுக்குப் பேச்சு வந்துச்சா?" என்பதுதான் வாசலில் முதல் கேள்வி. முடிவைக் கட்டாயம் வாசிப்பேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முப்பத்தேழாவது தாள் என்னிடம் வந்தபோது அதில் ஸ்பிரிட் வாசனை, கேழ்வரகுக் கூழ் பட்ட ஒரு விரல் அடையாளம், நடுவில் மலைத்தேன் ஒரு சொட்டு. தேனுக்கு வந்த எறும்பு என் ராக்கெட் கதையில் நான்கு வரியைத் தின்றிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த வார வியாழனே முப்பத்தெட்டாவது தாள், கடைசித் தாள், பஸ்ஸிலிருந்து நேராக என் கைக்கு வந்தது. வெள்ளை வெளேர் என்று. அதை மடிக்காமல் பேரேட்டுக்குள் வைத்தேன்.

மறுநாள் கேட்டார். "இந்த வாரம் புஸ்தகம் வர்ல சிஸ்டர்," என்றேன்.

"வர்லியா?"

"வர்ல."

அடுத்த புதன்கிழமை நான் கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் அவர் கதையை முடிக்கும் குரல் கேட்டது. அச்சில், அரசன் வந்து தொட்டதும் அவளுக்குக் குரல் வரும், பாடுவாள், கல்யாணம். சிஸ்டர் சொன்னதில் அரசன் தேனுக்கு வரி கேட்டு வருகிறான். அவளுக்குக் குரல் வருகிறது. முதல் வார்த்தையே திட்டு. பெண்கள் சிரித்த சிரிப்பில் என் தராசு முள் ஆடியது. பாவம், தாள் இல்லாமல் தானே கட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். நல்ல முடிவு என்றும் நினைத்தேன். அதைச் சொல்ல வழியில்லை. அச்சான முடிவு எனக்குத் தெரியக் கூடாதே.

அதற்குப் பிறகு அவர் சண்டை போடவில்லை. ராக்கெட்காரரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், "நீங்க சொன்னா சரியாதான் சார் இருக்கும்" என்றார். கடைசியில் வழிக்கு வந்துவிட்டார், நான் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வருடம் கணியம்பாடிக்கு மாற்றலாகிப் போனார். அவர் போகும் முன்பே முப்பத்தேழு தாள்களைத் தைத்திருந்தேன். கடைசித் தாளைச் சேர்த்தால் குட்டு வெளிப்படும் என்று உறையில் போட்டுவைத்தேன். ஆக, எனக்கும் முழுப் புத்தகம் இல்லை.

ஏழு இருபத்தைந்துக்கு அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "இன்னா சார், இன்னும் பத்துக்குப் பத்தா?" என்றார். எழுபத்து நான்கு வயதுக் குரல், சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரலேதான். மகள் குழுவில் சேர்த்துவிட்டாளாம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: "சிஸ்டர், அந்தக் கடைசித் தாளு... அன்னிக்கி பஸ்ல வந்துது. நான்தான் வச்சிக்கினேன்."

"தெர்யுமே."

"தெர்யுமா?"

"சனிக்கெழம போளூர்ல மீட்டிங்கு. பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கினு இருந்துது. நின்னுனே படிச்சேன். சப்புனு கீது முடிவு. அதான் மாத்திட்டேன்."

"ஏன் அப்பவே கேக்கல?"

"கேட்டா நீங்க ஒரு கணக்கு சொல்வீங்க. அத்த நான் நம்பறமாரி நடிக்கணும். அதுக்கு வாய மூடினு இருக்கறதே மேல்னு இருந்துட்டேன். ஒரு தாளு சார்! அழுக்காவும்னா கைய கழுவினு தொடுங்கனு சொல்லியிருக்கலாமே. அத்தினி பொம்பளைங்க காத்துனு கீறாங்க, இன்னா ஆளு சார் நீங்க?"

நிறுத்தவில்லை. பதினொரு நிமிடம் திட்டினார். இரண்டு கோடு சிக்னல் ஒரு தடவைகூட அறுபடவில்லை. வைத்த பிறகு குழுவில் ராக்கெட்காரரின் கணக்கு மதிப்பெண்ணை ஒன்பதாகத் திருத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. இரண்டு தொடர்களும் நூலாக வந்ததாகத் தெரியவில்லை. கிடங்கு இடிந்து, எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த சுவர் மட்டும் அரை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. உறையைத் திறந்து தாளைப் பார்த்தேன். ஒரு கறை இல்லை. மூலையில் தேதி, நவம்பர் எட்டு, வியாழக்கிழமை. நாற்பத்தொரு வருடத்துக்கு இரண்டு நாள் குறைவு. அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நான் கொடுத்ததை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். யாரும் என்னிடம் சண்டைக்கு வராத இரண்டாயிரத்து நூற்று முப்பத்தொன்பது வாரங்கள்.