ஊருணி அளந்த நாளும் எங்கள் பாத்ரூமும்

எங்கள் ஊருணியைத் தூர்வாரி, எல்லை கண்டு, கம்பிவேலி போட வேண்டும் என்று நான் எழுதிய மனுக்கள் மொத்தம் பதினேழு. பதினாறுக்குப் பதில் இல்லை. பதினேழாவதற்கு வந்தது. வருகிற வியாழக்கிழமை ஆள் வருகிறார்கள், கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே அளக்கும் லேசர் கருவியோடு வருகிறார்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சந்தோஷப்பட வேண்டியவன், மத்தியானச் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

காரணம் எங்கள் பாத்ரூம்.

நான் பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். அன்னவாசல் வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினால் நோட்டில் சிவப்பு மையில் எழுதிவைப்பேன். ரிட்டயர் ஆன பிறகு பிந்துவதற்கு வண்டிகள் இல்லாமல் போயின. அதனால் ஊருணியை எண்ண ஆரம்பித்தேன். படித்துறையில் பத்தொன்பது படி. வீட்டுக் கொல்லையிலிருந்து படித்துறைக்கு நாற்பத்தாறு எட்டு. கரையை ஒரு சுற்றுச் சுற்றினால் அறுநூற்று நாற்பது எட்டு. என் ஒரு எட்டு சரியாக எழுபது சென்டிமீட்டர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர்தான் ஊருணிக் கரை. செம்பூராங்கல்லால் கட்டிய பழைய சுவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொல்லைச் சுவரை ஒட்டி உள்பக்கமாக ஒரு வெஸ்டர்ன் பாத்ரூம் கட்ட முடிவு செய்தோம். கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீளத்துக்கு ஏழரை டைல்ஸ் வருதுங்க. கடைசி வரிசையைப் பாதியா வெட்டிப் போட்டுரலாம்" என்றார்.

தினமும் காலையில் கண் விழித்துப் போனதும் வெட்டுப்பட்ட டைல் முகத்தில் விழிப்பதா? என்னால் முடியாது.

"எட்டாப் போடுங்க" என்றேன்.

"அப்படின்னா சுவரை அரை அடி வெளிய தள்ளணும் சார். அங்கிட்டு ஊருணியில்ல?"

"அரை அடிதானே, தள்ளுங்க."

தள்ளினார். அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு எட்டு. நாற்பது முழு டைல். ஒரு வெட்டு இல்லை. எனக்குத் திருப்தி. என் மனைவி மட்டும், "நாப்பது டைல்ஸும் நல்லாத்தாங்க இருக்கு. பிடிச்சு எந்திரிக்கிற கம்பிதான் கைக்கு எட்ட மாட்டேங்குது" என்றாள். கம்பி அந்தத் தள்ளிய சுவரில்தான் இருந்தது. பழகினால் எட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, ஊருணி ஆக்கிரமிப்பை அகற்றக் கோரிப் பதினேழு மனு எழுதியவனின் பாத்ரூம் ஊருணிக்குள் அரை அடி நிற்கிறது. முன்னெல்லாம் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் சங்கிலி பிடித்து அளப்பார்கள். அரை அடி அந்தச் சங்கிலியின் தொய்விலேயே காணாமல் போய்விடும். வரப்போகும் கருவியோ இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பிசகாது என்று செல்போனில் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வர வேண்டிய கார் ஒன்பது நாற்பத்திரண்டுக்கு வந்தது. இறங்கியது ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், திருச்சியில் சர்வே கம்பெனி ஒன்றில் வேலை. பெட்டியைத் திறந்து கருவியை எடுத்தார். கைப்பிடி வைத்த பிளாஸ்க் மாதிரி இருந்தது. மேலே உள்ள தலை மட்டும் சுற்றியது. ஊருணிக் கரையில் சர்பத் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி முதல் ஆளாக வந்து நின்றான். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவன், எந்தக் கருவியைப் பார்த்தாலும் பயமில்லாதவன்.

"என்ன மச்சான், மிக்ஸியக் கொண்டாந்திருக்காங்க? சட்னி அரைக்கவா, ஊருணி அளக்கவா?"

"மாப்ளே, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அந்தப் பெண் சிரித்தார். "இது ஒரு செகண்டுக்கு மூணு லட்சம் புள்ளி எடுக்கும் சார். சுத்தி இருக்கிற சுவர், மரம், படி எல்லாத்துலயும் லேசர் பட்டுத் திரும்பி வரும். நான் நடந்தா போதும்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். செகண்டுக்கு ஒன்று என்று எண்ணினால், மூன்று லட்சத்தை எண்ண எனக்கு மூன்று நாள் பதினோரு மணி இருபது நிமிஷம் ஆகும், தூங்காமல், சாப்பிடாமல். முதல் தடவையாக ஒரு மெஷின்மேல் பொறாமை வந்தது.

நடப்பதற்கு முன்னால் பழைய எல்லைக்கற்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை வைக்க வேண்டுமாம். அப்போதுதான் புதுப் படமும் பழைய வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்தும். வரைபடத்தில் நான்கு கல். படித்துறை அருகில் ஒன்று, அய்யனார் மேடைக்குப் பின்னால் ஒன்று, கருவேலம் புதருக்குள் ஒன்று கிடைத்துவிட்டன. நான்காவது இல்லை.

"அது எந்தக் காலத்துலயோ போயிருச்சு" என்றார்கள் கூடியிருந்தவர்கள்.

"பரவாயில்ல, மூணு கல்லு இருந்தா போதும். மூணுன்னு எழுதிக்கிறேன்" என்று அந்தப் பெண் பேனாவை எடுத்தார்.

நான்காவது கல் எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் கொல்லையில், சுவர் முடிகிற மூலையில், பாத்ரூம் கட்டியபோது மிச்சமான செங்கலை அடுக்கிவைத்த குவியலுக்கு அடியில் இருக்கிறது. அடுக்கியவன் நான்தான். நூற்றுப் பத்துச் செங்கல். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் நான்கு இருக்கிற இடத்தில் மூன்று என்று ஒருவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என் கைகால் சம்மதிக்கவில்லை.

"நாலு" என்றேன். "நாலாவது எங்க கொல்லையில இருக்கு."

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கலை அள்ள வந்துவிட்டான். நூற்றுப் பத்தையும் எடுத்து வைத்தோம். கல் இருந்தது, தலையில் வெட்டிய பழைய கோட்டோடு. பாத்ரூம் சுவர் அதைத் தாண்டி நின்றது கண்ணுக்கே தெரிந்தது. என் மனைவி சமையற்கட்டு வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பெண் கருவியோடு படித்துறையிலிருந்து இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். பத்து எட்டு போயிருக்க மாட்டார்.

"ஏ தாயி! அங்கிட்டுப் போகாதே! கரையில அய்யனார் இருக்காரு, வலமாத்தான் போகணும்!"

"வலமா வா பாப்பா, இங்கிட்டு!"

அவர் திரும்பி வந்து வலமாக ஆரம்பித்தார். "எப்படியும் ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நிக்கணும். அப்பத்தான் கணக்கு மூடும்" என்றார்.

"நாங்களும் அதைத்தானே சொல்றோம்" என்றார்கள்.

எங்கள் ஊரில் கரையைச் சுற்றிப் போகும் ஆளைத் தனியாக விடுவது வழக்கமில்லை. சாமி போனாலும், மந்திரி போனாலும், பின்னால் கூட்டம் போகும். போனது. எண்ணினேன், பதினான்கு பேர், ஒரு ஆடு. எங்கள் பாத்ரூம் பின்னால் வந்ததும் என் வீட்டு விஷயம் பேசுவதற்காக அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

சுற்று முடிந்து அவர் போனில் படத்தைக் காட்டினார். ஊருணிக் கரை முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாக, உயரத்துக்கு ஒரு நிறமாக மின்னியது. பத்தொன்பது படியும் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். தண்ணீர் இருக்கும் இடம் மட்டும் கறுப்பு. தண்ணீரில் பட்ட லேசர் திரும்பாதாம். ஆனால் கரை நெடுகப் புகை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது.

"நீங்கள்லாம்தாங்க அது" என்றார். "அசையாத பொருளை வச்சுத்தான் இது வழி கண்டுபிடிக்கும். கூடவே ஆளுங்க வந்தா குழம்பிரும். பாருங்க, இந்த வீட்டுச் சுவர் தெரியவே இல்ல."

அவர் விரல் வைத்த இடம் எங்கள் பாத்ரூம். அதன்மேல் நல்ல அடர்த்தியான புகை. ஒரு நிமிஷம், பொய் சொல்லவில்லை, என் மூச்சு லேசாயிற்று.

"அப்ப திரும்ப நடக்கணுமா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"நடக்கணும். ரெண்டு சுத்து வந்தா இன்னும் நல்லது."

"அப்பச் சரி. இது லாபம். இனி ரெண்டு, மூணு. மூணு சுத்துத்தானே முறை!" நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வதுதான் எங்கள் பக்க வழக்கம். கெட்டுப்போன சுற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அவர் கிளம்பினார். கூட்டமும் கிளம்பியது. "வராதீங்க ப்ளீஸ்" என்று அவர் சொன்னது ஆட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் படத்தில் பதினான்கு பேர் புகையாக நிற்பதா? பஸ் ஸ்டாண்டில் மைக் கெட்டுப்போன நாட்களில் பயன்படுத்திய குரலை எடுத்தேன்.

"எல்லாரும் உட்காருங்க! ஒரு ஆள் நகரக் கூடாது!"

படித்துறையில் வரிசையாகப் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். "எலை போடுங்க மச்சான்" என்றான் மாப்பிள்ளை. ஆட்டை அவன் மடியில் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் நிதானமாக இரண்டு சுற்று வந்தார். இரண்டு தடவையும் எங்கள் பாத்ரூம் பக்கம் வரும்போது நான் அய்யனாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்பத் கடை பெஞ்சில் லேப்டாப்பை வைத்து எல்லைக் கோட்டைப் படத்தின்மேல் போட்டார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"கரைச் சுத்து நானூத்து நாப்பத்தேழு மீட்டர்" என்றார்.

அறுநூற்று நாற்பது எட்டு, எழுபது சென்டிமீட்டர். நானூற்று நாற்பத்தெட்டு. ஒரு மீட்டர்தான் வித்தியாசம். இதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இந்த மெஷின் எதுக்கு சார், உங்களையே நடக்க விட்டிருக்கலாம்" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை முதலாவதாக வைத்திருக்கிறேன். அதை ருசிக்க விடாமல் அடுத்ததைச் சொன்னார்.

"கருவேலம் புதர் தவிர எல்லாப் பக்கமும் சுத்தமா இருக்கு. இந்த ஒரு சுவர் மட்டும் பதினாறு சென்டிமீட்டர் உள்ள வந்திருக்கு."

மாப்பிள்ளைதான் முதலில் ஆரம்பித்தான். "ஆபீஸ் ஆபீஸா மனு எழுதி, ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புன்னு கத்துனது மச்சான். ஊருணிக்குள்ள கக்கூஸ் கட்டுனதும் மச்சான். பதினெட்டாவது மனுவை யார் மேல எழுதுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"ரிப்போர்ட்டுல எழுதுவேன் சார், எழுதாம இருக்க முடியாது" என்றார் அந்தப் பெண். "ஆனா பதினாறு சென்டிமீட்டருக்கு யாரும் இடிக்கச் சொல்ல மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

அதற்குள் என் மனைவி தடியை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். இடித்தால் அவள் எங்கே போவாள் என்பதுதான் கடிதம் வந்த நாளிலிருந்து என் கவலைகளில் முதலாவதாக நின்றது. இடிக்காவிட்டால் நான் எந்த முகத்தோடு கரையில் நடப்பேன் என்பது அதற்கடுத்து நின்றது.

"எம்புட்டு வருதாம்?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டினார்.

"அந்த அரை டைல்ஸா?" என்று என்னைப் பார்த்தாள்.

"அதேதான்."

"இடிச்சிருங்க. தம்பி வீட்டுல ஒரு வாரம் போய்க்கிறேன். அவன் பாத்ரூமு சிங்கப்பூர் மாதிரி இருக்கும்னு பீத்திக்கிறான்ல, பார்ப்போம்."

"வாக்கா, டிக்கெட் மட்டும் எடுக்கணும்" என்றான் அவன்.

மறுவாரமே அதே கொத்தனாரை வரவழைத்தேன். வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஏழரைதானே சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஆறு நாள் வேலை. பழைய கொல்லைச் சுவரின் அஸ்திவாரத்துக்கே சுவரைக் கொண்டுவந்தார். கடைசி வரிசை டைலை வெட்டினார். வெட்டும் மெஷின் சத்தம் கேட்டு நான் படித்துறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஏழாம் நாள் காலை என் மனைவி உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். எப்போதும் எழுந்திருக்கும்போது என்னைக் கூப்பிடுவாள். அன்று கூப்பிடவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள்.

"ஏங்க, கம்பி இப்ப கைக்கு எட்டுது" என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர் அரை அடி கிட்டே வந்திருக்கிறது, அதோடு கம்பியும் வந்திருக்கிறது. இரண்டு வருஷமாக அவள் சொன்ன அரை அடி. கீழே கடைசி வரிசையில் ஐந்து வெட்டு டைல். சேர்த்தால் இரண்டரை. ஆறாக இருந்திருந்தாலாவது மூன்று என்று முழுசாக வந்திருக்கும். கொத்தனாரிடம் சொல்லவில்லை. அகலத்தைத் தள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்.